எந்த ஆண்டு பெரிய ஆண்டு? - பல்வங்கர் பாலுவை முன்வைத்து

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டிச் சின்னசேலத்தில் நடந்த இளைஞர் கிரிக்கெட் போட்டியின் பரிசளிப்பு இரவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



கோப்பையைக் கண்ணெதிரே வச்சிட்டு ஒருத்தனைப் பேச விடுறது ஆட்டக்காரங்களுக்குப் பண்ற கொடுமை. எனக்குத் தெரியும். ஆனா சாயங்காலம் டீக்கடையில ரெண்டு தம்பிங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. நம்ம காலனி டீம் வரலாற்றுல எந்த வருசம் பெரிய வருசம், எவன் போட்ட பந்து பெரிய பந்து என்று. ஒருத்தன் விக்கெட் கணக்குச் சொல்றான். இன்னொருத்தன், 'அந்த வருசம் எதிர்ல ஆடுனவன் யாருன்னு பாருடா' என்கிறான். அந்தச் சண்டையையே எடுத்துக்கிறேன். நான் கேட்கப் போற டீம் வேற. இந்தியா என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போன டீம். அதில் ஒரே பயணத்தில், ஒரே கோடைகாலத்தில், பந்து வீச்சில் நின்று காட்டியவர் யார்?

மூன்று ஆண்டுகள் போட்டிக்கு நிற்கின்றன. 1932இல் அமர் சிங். இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய ஆண்டு அது. வேகப்பந்து. அந்தப் பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் 111 விக்கெட். 1946இல் வினு மன்கட். இடக்கைச் சுழல். 129 விக்கெட், கூடவே 1120 ரன். இந்த இரண்டையும் கிரிக்கெட் எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மூன்றாவது 1911. பல்வங்கர் பாலு. இவரும் இடக்கைச் சுழல்தான். முதல்தர ஆட்டங்களில் 75, சின்ன ஆட்டங்களையும் சேர்த்தால் 114 விக்கெட்.

பட்டியலாப் போட்டா மன்கட் முதல், அமர் சிங் ரெண்டு, பாலு மூணு. முடிஞ்சது கதை. ஆனா எனக்கு வங்கியில கூட்டிக் கழிச்சே பழகிப்போன கை. மொத்தத் தொகையை மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட மாட்டேன். 1946இல் அணி ஆடிய முதல்தர ஆட்டம் 29. 1932இல் 26. 1911இல் வெறும் 14. வகுத்துப் பாருங்கள். அணியின் ஓர் ஆட்டத்துக்கு மன்கட் எடுத்தது நாலரைக்குக் கொஞ்சம் கீழே. அமர் சிங் நாலேகால். பாலு ஐந்தைத் தாண்டுகிறார், ஐந்தேகாலுக்கும் மேலே. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் மூன்று பேருக்குமே இருபது சொச்சம்தான். அதில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

இன்னொன்று, ஆட்டம் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியது. 1946 அணி அத்தனை ஆட்டத்தில் தோற்றது நாலே நாலு. 1932 அணி ஒன்பது வென்று எட்டு தோற்றது. 1911 அணியோ 14இல் 10 தோற்றது, 2தான் வென்றது. தோற்கிற அணியில் பந்து வீசுகிறவனுக்கு என்ன ஆகும்? நம்ம பேட்டிங் ரெண்டு தடவையும் மடிஞ்சா, எதிராளிக்கு ரெண்டாவது இன்னிங்ஸ் பாதியிலேயே முடிஞ்சிடும், சில சமயம் தேவையே இருக்காது. அதாவது பாலுவுக்கு விக்கெட் எடுக்கக் கிடைத்த சந்தர்ப்பமே குறைவு. அதிலும் அந்த 1911 கோடை மழையில்லாக் கோடை. ஆகஸ்டில் லண்டனை ஒட்டிய கிரீன்விச்சில் 36 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. இங்கிலாந்தில் அந்த ரெக்கார்டு 1990 வரை நின்றது. நம்ம சின்னசேலத்துச் சித்திரைக்கு அது ஒன்றுமில்லை, வாஸ்தவம். ஆனால் இங்கிலாந்தில் ஈரத் தரைதான் சுழல்பந்துக்காரனின் சொத்து. அது அந்த ஆண்டு காய்ந்து கிடந்தது. அமர் சிங்குக்கு அப்போது வயது 21. மன்கட்டுக்கு 29. பாலுவுக்கு முப்பத்தைந்தை ஒட்டி. உடம்பில் நல்ல ஆண்டுகள் பல கழிந்த பிறகுதான் அவருக்கு அந்தக் கப்பல் கிடைத்தது.

அந்த நல்ல ஆண்டுகள் எங்கே போயின? இதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாலு சமார் சாதியில் பிறந்தவர். தோல் வேலையோடு கட்டிப் போடப்பட்ட சாதி. குடும்பத்துக்குக் கொங்கணக் கரை, பல்வன் என்ற ஊர், அதனால்தான் பல்வங்கர். அப்பா ராணுவத்தில் சிப்பந்தி. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் பையனுக்கு முதல் வேலை, ஆடுகளத்தைக் கூட்டுவதும் ரோலர் இழுப்பதும். மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே 4 ரூபாய். பிட்ச் தயார் செய்வது, வலை கட்டுவது, அதோடு துரைகள் பயிற்சி எடுக்கப் பந்து போடுவது. ஜே.ஜி. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி அந்தக் காலத்தில் பெயர்பெற்ற பேட்ஸ்மேன். அவர் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து மணிக்கணக்கில் பாலுவின் பந்தில் பயிற்சி எடுப்பாராம். தன்னை அவுட் ஆக்கினால் தடவைக்கு எட்டணா என்றும் ஒரு கதை உண்டு. எட்டணாக் கதை உண்மையோ பொய்யோ, ஒன்று மட்டும் உறுதி: அத்தனை மணி நேரத்திலும் பாலு கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை ஆண்டைகளுடையது. பந்து கூலிக்காரனுடையது. வெள்ளைக்காரனும் நம்ம நிலக்கிழாரும் இந்த ஒரு விசயத்துல ஒரே பள்ளிக்கூடம்.

'லகான்' படம் (2001) பார்த்திருப்பீர்கள். கச்ரா என்ற தீண்டத்தகாதவன் பந்து வீசுவான். பாலுவை நினைத்துத்தான் அந்தப் பாத்திரம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல். கச்ராவுக்குக் கை ஊனம், அதனால் பந்து தானாகச் சுழல்கிறது. அவனுக்கே தெரியாமல் சுழல்கிறது. கண்டுபிடிக்கிறவன் மேலே இருக்கிற கதாநாயகன். தலித்துக்குத் திறமை இருந்தால் அது விபத்தாக இருக்கவேண்டும், உழைப்பாக இருக்கக்கூடாது! பாலுவின் கைக்கு ஒரு ஊனமும் இல்லை. வருடக்கணக்காக, நாள் முழுக்க, அடிக்கிறவன் சலித்துப்போகும் வரை போட்டுப் போட்டுப் படிந்த கை அது. எங்கே குத்தினால் எவ்வளவு திரும்பும் என்பது, அந்த மண்ணை ரோலர் போட்டு உருட்டியவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பூனாவின் இந்து கிளப்புக்கு வெள்ளையர் அணியைத் தோற்கடிக்க ஆசை. பாலு இல்லாமல் முடியாது. சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம். கடைசியில் சேர்த்தார்கள். மைதானத்துக்குள் பார்ப்பனரும் பாலுவும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் கலயம். முகம் கழுவ, அதே கிளப்பில் வேலை பார்த்த இன்னொரு தீண்டத்தகாதவர் தண்ணீர் ஊற்றவேண்டும். சாப்பாட்டுக்குத் தனி மேசை. பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்குத் தீட்டு. இந்தச் சாத்திரத்தை எந்த மனு எழுதினானோ தெரியவில்லை. நம்ம பக்கத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளையை உடைக்கப் போன தோழர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிளேக் வந்து பூனாவை விரட்டியபோது பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானா. மறுபடியும் அதே விவாதம், மறுபடியும் சேர்ப்பு. 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. எட்டு விக்கெட் பாலுவுடையது. தம்பி சிவராமும் அந்த அணியில். ஆள்பவனை அவன் ஆட்டத்திலேயே தோற்கடித்தார்கள் என்று நாடே கொண்டாடியது. தோற்கடித்த கைக்கு டீ குடிக்கக் கோப்பை கிடைக்கவே போராட்டம் நடந்தது என்பது அந்தக் கொண்டாட்டத்தில் சின்ன எழுத்து.

1911 பயணத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. சில ஆட்டங்கள் ஆடினார், பிறகு விருந்து, விழா என்று போய்விட்டார். மிஸ்த்ரி என்ற நல்ல பார்சி பேட்ஸ்மேன் மகாராஜாவின் பணியில் இருந்தவர், அவரும் மகாராஜா பின்னாலேயே போகவேண்டியதாயிற்று. மிச்ச சுமை பாலு தோளில். அந்த 75, அந்த 114, இப்படி வந்தது. சோமர்செட்டுக்கு எதிராக ஒரு விக்கெட்டில் வென்ற ஆட்டத்தில் சதம் அடித்தது தம்பி சிவராம். தோற்ற பயணத்தில் இந்த நாட்டின் மானத்தைக் காப்பாற்றியது தோல் தைக்கும் சாதியில் பிறந்த அண்ணனும் தம்பியும். திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் இருபது வயது இளைஞர் பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா எழுதுகிறார்.

இப்போ கொஞ்சம் தூரமா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், பொறுத்துக்குங்க. அமெரிக்காவுல ஒரு ஆட்டம் இருக்கு, அதுக்கும் ஃபுட்பால்னுதான் பேரு. காலால உதைக்கிறது கொஞ்சம், கையால எறியறது நிறைய. அதில் குவார்ட்டர்பேக் என்று ஒரு இடம். அணியின் மூளை அவன்தான். என்ன ஆட்டம் என்று சொல்பவன், பந்தை எறிபவன் அவன். ஓடுவதற்கும் முட்டுவதற்கும் கறுப்பர்களை எடுத்தார்கள். இந்த மூளை இடத்துக்கு மட்டும் ரொம்ப காலம் விடவில்லை. 1978இல் வாரன் மூன் என்ற கறுப்பர் கல்லூரி ஆட்டத்தில் பெரிய கோப்பையை வென்றும் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் ஐந்து கோப்பை வென்ற பிறகுதான் சொந்த நாடு கூப்பிட்டது. வாஷிங்டன் அணி இருக்கிறதே, அந்த லீக்கில் கடைசியாகக் கறுப்பர்களைச் சேர்த்த அணி அது. 1962இல், அதுவும் அரசாங்கம் நெருக்கிய பிறகு. அந்த அணியின் குவார்ட்டர்பேக்குகளை ஆண்டு வாரியாக ஒப்பிட்டால் சாமி பாவின் 1937, ஜோ தைஸ்மனின் 1983, மார்க் ரிப்பியனின் 1991 என்று வெள்ளையர் ஆண்டுகள்தான் பட்டியலில் மேலே நிற்கும். டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பர் 1987 லீக் ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது இரண்டே தடவை. ஆனால் 1988 ஜனவரி 31 இறுதி ஆட்டத்தில் இறங்கினார். இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு முறை எறிந்து எல்லை கடத்தினார். 42-10. சூப்பர் பௌல் என்கிற அந்த இறுதியில் ஒரு கறுப்பர் அந்த இடத்தில் தொடங்கியதே அதுதான் முதல் தடவை. ஆண்டுக் கணக்கில் அவர் அடியில். அந்த அணியின் கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா?

கிரிக்கெட்டில் குவார்ட்டர்பேக் கிடையாது. கேப்டன் உண்டு. யாருக்கு எப்போது பந்து, யார் எங்கே நிற்பது என்று சொல்பவன். பாலு பந்து வீசலாம், நாள் பூரா வீசலாம். யோசிக்கக் கூடாது! 1910 தொடங்கி ஒவ்வொரு ஆண்டும் அவரைத் தலைவராக்கு என்று கோரிக்கை எழுந்தது, ஒவ்வொரு ஆண்டும் மேல்சாதிக்காரர் ஒருவர் தலைவரானார். எம்.டி. பை என்ற பார்ப்பனர் தலைவரானபோது தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொன்னார். நல்ல மனுசன்தான். சொல்லிவிட்டுத் தலைவராகவே இருந்தார்.

படிச்ச காலத்துல ஒரு ஊர் டீமுக்கு நானும் கார்க் பந்து போட்டிருக்கேன். மக்காச்சோளம் அறுத்த காட்டுல பிட்ச். ஒரு பக்கத்துக்கு எப்பவும் நான்தான். டாஸ் போட ஒருநாளும் கூப்பிட்டதில்ல. தண்ணிச் சொம்பு எல்லார் வாயிலயும் படும், எனக்கு மட்டும் கையில ஊத்துவாங்க. அன்னைக்கு அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. டீம்ல சேத்துக்கிட்டாங்களேன்னு சந்தோசம். பாலுவைப் படித்தபோதுதான் அந்தச் சந்தோசம் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஆகவே, பாலுவின் பெரிய ஆண்டு எது என்று கேட்டால் 1911 என்று கணக்கு சொல்லும். நான் 1920 என்பேன். அந்த ஆண்டு அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. முதலில் அணியிலேயே சேர்க்கவில்லை. தலைவர் பை உடம்பு சரியில்லை என்று முதல் ஆட்டத்துக்கு வரவில்லை. அடுத்த மூத்தவர் பாலுவின் தம்பி விட்டல். அவரை ஒதுக்கித் தேவ்தரைத் தலைவராக்கினார்கள். விட்டலும் சிவராமும் ஆட முடியாது என்று விலகினார்கள். சும்மா விலகவில்லை, காரணம் சாதி என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதி விலகினார்கள். 1920இல்! மகத் குளத்தில் தண்ணீர் அள்ளுவதற்கு ஏழு ஆண்டு முன்னால். பம்பாயில் கூச்சல் கிளம்பியது. பணிந்தார்கள். பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். பார்சிகளுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் பை கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்தார், அந்த நேரத்துக்குப் பாலு தலைவர். முதல்தர ஆட்டம் 33, விக்கெட் 179, விக்கெட்டுக்கு 15 ரன் சொச்சம். இதற்கெல்லாம் சேர்த்துக் கிடைத்த தலைமை, ஒரு ஆள் பெவிலியனில் இளைப்பாறுகிற நேரம்.

1923இல் விட்டல் முழுத் தலைவரானார். ஐரோப்பியரை வென்றார். அவரைத் தோளில் தூக்கினார்கள். அந்த வெற்றிக்குக் காரணம் 1923 ஆட்டம் மட்டுமில்லை, 1920இல் ஆடாமல் விட்ட ஆட்டமும்தான். ஆடாமல் விட்டதை எந்த ஸ்கோர் நோட்டில் எழுதுவது?

இதோடு நிறுத்தினால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் மீதிக் கதையை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்க முடியாது. 1932இல் தனித்தொகுதிச் சிக்கல் வந்தபோது பாலு அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. சென்னை எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், நம்ம இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அம்பேத்கரைத் தோற்கடிக்கக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் பாலு. அம்பேத்கர் 13,245. பாலு 11,225. வரவேற்பு மடல் எழுதிய கை ஒரு பக்கம், அதை வாங்கிய கை மறுபக்கம்.

இளம் தோழர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, 'அப்ப அவன் துரோகி, விடுங்க' என்றார். எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. நியாயப்படுத்தவும் இல்லை. யோசித்துப் பாருங்கள், இருபது வருடம் ஓர் அணிக்குள் இருந்துகொண்டே, கோப்பை கோப்பையாக, மேசை மேசையாக முன்னேறிய மனிதர். முதலில் வெளியே மண் கலயம், பிறகு உள்ளே இடம், பிறகு துணைத்தலைமை, பிறகு தம்பிக்குத் தலைமை. உள்ளேயே இருந்தால் ஒருநாள் தருவார்கள் என்பது அவர் கை கண்ட அனுபவம். தனி அணி வேண்டும் என்று அம்பேத்கர் சொன்னது அந்த அனுபவத்துக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவர் மறந்தது ஒன்று: உள்ளே இருந்ததால் தரவில்லை, 1920இல் வெளியே வந்ததால்தான் தந்தார்கள். தம்பிகள் செய்ததை அண்ணன் அரசியலில் செய்யவில்லை. இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதழுக்கு எழுதுங்கள், சண்டை போடுவோம்.

பாலு 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். நாட்டின் பெரிய மைதானங்களுக்கு யார் யார் பெயரெல்லாமோ இருக்கிறது, அதை நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' என்று 2024இல் வந்த நம்ம படங்கள் காலனி டீம், ஊர் டீம் கதையை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்துவிட்டன. சந்தோசம். அவற்றிலும் சண்டை, யார் சேர்ந்து ஆடலாம், யாரை எந்த டீமில் எடுக்கலாம் என்பதுதான். நூறு வருசமாச்சு, கேள்வி மாறலை.

தம்பிங்க கோப்பையையே பாக்குறாங்க, முடிச்சிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். டீக்கடைச் சண்டையில ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் இல்லை, ஞாபகம்தான் இருந்துச்சு. பாலு எத்தனை விக்கெட் எடுத்தார்னு இன்னைக்கு நாம பேச முடியுதுன்னா இங்கிலாந்துல எவனோ ஒருத்தன் நோட்டுல எழுதி வச்சான். நெட்டுல கிரெய்க்கை எத்தனை தடவை அவுட் ஆக்குனார்னு யாரும் எழுதலை. நம்ம ஸ்கோர் நோட்டை ஆட்டம் முடிஞ்சதும் தூக்கிப் போட்றாதீங்க. இந்த வருச நோட்டை என்கிட்ட குடுங்க. தேதி, இடம், யார் கேப்டன், யார் ஆட மறுத்தாங்கன்னு ஓரத்துல எழுதிக் குடுங்க. அட்டை போட்டு, பைண்டிங் பண்ணிக் கொண்டாந்து தர்றேன். சரி, ஜெயிச்ச டீம் மேலே வாங்க.